சந்தில் போன நாலு அங்குலம்

தவசிமுத்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரவில்லை என்றால் மடவார் வளாகத்துத் தெருவுக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டுதான். ஒன்று அவருக்குக் காய்ச்சல், அல்லது மாமியார் வீட்டில் சாவு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்திய மூன்று ஞாயிறும் மனிதர் வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மாமியாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். காலை ஏழரை பஸ்ஸில் ராஜபாளையம் போனார், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். தெரு சும்மா இருக்குமா? முதல் வாரம் ராஜபாளையத்தில் யாரோ ஒருத்தி இருப்பதாகப் பேசிக்கொண்டது. இரண்டாம் வாரம் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டது. மூன்றாம் வாரம் அவர் மனைவி பரிபூரணத்தைக் கண்டதும் தண்ணீர்க்குழாயடியில் பேச்சு நின்றுபோனது.

விஷயம் ஒருத்தியோடு முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

தவசிமுத்து ராஜபாளையத்தில் சுப்புராஜ் இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிறவர். பேனாவும் டி-ஸ்கொயருமாக இருந்த ஆபீஸுக்குத் தொண்ணூற்றொன்றில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏ.சி., வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று பலகை. சாமி இல்லாத கருவறைதான். சுப்புராஜ் வருகிறவர்களை எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, “மெஷின் போடற கோடு. மயிரிழை பெசகாது” என்பார். உள்ளே கறுப்புத் திரைக்கு முன்னால் தவசிமுத்து, திரைமேல் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி என்று உட்கார்ந்திருப்பார். வீடு கட்ட நினைக்கிறவன் எல்லாம் “தவசி கோடு” வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனான். ஐந்து வருஷத்தில் நூற்று முப்பத்தேழு வீடுகள். அந்தப் பெயர்தான் அவருக்குச் சொத்து; வேறு சொத்து, சொந்த வீடும் அதைச் சுற்றி ஒரு காம்பவுண்டுச் சுவரும்.

இதில் ஒரு சின்ன ரகசியம் இருந்தது.

நம்மூரில் வீடு கட்டுகிறவனுக்கு மூன்று எஜமானர்கள். மண் ஒரு அளவு சொல்லும். நகராட்சி, பக்கத்தில் மூன்றடிச் சந்து விடு என்று சொல்லும். மனையடி சாஸ்திரம், அறையின் உள்கூடு அடிக்கணக்கில் ஆறு, எட்டு, பத்து, பதினொன்று என்று சொல்லும். தப்பினால் வியாதி, வழக்கு, பெண்ணுக்கு வரன் தகையாது. மூன்றும் ஒத்துப்போகிற மனையை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. சாஸ்திரத்தில் தவசிமுத்துக்கு நம்பிக்கை கிடையாது. வருகிறவன் நம்பிக்கையில் அவருக்கு நம்பிக்கை உண்டு. அதனால் மனைக்குத் தக்கபடி கோட்டைப் போடுவார். ஹால் பத்தடி எட்டு அங்குலம்தான் வரும். கம்ப்யூட்டரும் கோட்டுக்கு மேலே ஒழுங்காக அப்படியேதான் எழுதும். இவர் அதை அழித்துவிட்டு, கையால் பதினொன்று என்று தட்டிவிடுவார். கோடு ஒன்று சொல்லும், எண் ஒன்று சொல்லும். யார் கூட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

கொத்தனார் இருளப்பசாமி கூட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு வாயைத் திறக்கமாட்டார். வீட்டுக்காரன் டேப்போடு அறை அறையாக நிற்பான் என்று அவருக்குத் தெரியும். எண்ணில் உள்ளபடியே அறைகளைக் கட்டிவிட்டு, மிஞ்சுகிற நாலு அங்குலத்தைச் சந்தில் குறைத்துவிடுவார். சந்துக்கு எந்தச் சாஸ்திரமும் பலன் சொல்லவில்லையே. அறைக்குள் லட்சுமி, சந்துக்குள் எலி. எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்தக் கார்த்திகையில் மதுரையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வரைகிற மென்பொருளின் புதுப் பதிப்பு தை பிறந்ததும் வருகிறதாம், இப்போதே காட்டுகிறார்களாம். சுப்புராஜ் காரில் தவசிமுத்துவையும் ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டல் ஹாலில் சமோசா கொடுத்தார்கள். டை கட்டிய ஓர் இளைஞர் திரையைக் காட்டினார். கறுப்பு போய்விட்டது. சுற்றிலும் சின்னச் சின்னப் படங்கள்.

“இதென்ன சார், பால்வாடி சுவர் மாதிரி படமா ஒட்டி வச்சிருக்கான்?” என்றார் தவசிமுத்து. “எழுத்து தெரியாதவனுக்கா பிளான் போடக் குடுக்கப்போறாவ?”

சுப்புராஜ் சிரித்தார். பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். தவசிமுத்துக்கு உற்சாகம் வந்து, இன்னொரு சமோசாவை எடுத்தார். அது வாய்க்குப் போய்ச் சேரவில்லை. ஏனென்றால் டை கட்டியவர் அப்போது ஒரு சுவரைப் பிடித்து இழுத்தார். சுவர் நகர்ந்தது. அதன் மேலிருந்த எண், யாரும் தொடாமல், தானே மாறியது.

“நீங்க கையால எழுதி வச்ச நம்பரை இது நம்பாது சார்” என்றார் அவர். “கோட்டைத் தானே அளந்து எழுதிக்கும். பழைய டிராயிங்கைத் திறந்தாலும் அப்படித்தான். ஒருதரம் திறந்துட்டா பொறவு பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாது.”

“பேஷ்!” என்று சுப்புராஜ் கைதட்டினார். “பழசு அம்புட்டையும் இதுல ஏத்திருவோம், தவசி!”

திரும்பி வரும்போது கார் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. அதற்குப் பிறகு தவசிமுத்து புதுப் பதிப்பைப் பற்றித் தம் கருத்துகளைச் சொன்னார். மெமரி போதாது. கண்ணுக்கு ஆகாது. கட்டளைகளைத் தொட்டுத் தொட்டுக் கை பழகிய மெனுப் பலகை வீணாகும். கரண்டு போனால் கோப்பு கெட்டுவிடும். எல்லாம் நியாயமான கருத்துகள்தாம். சுப்புராஜ் தெலுங்கில் “பயமாய்யா?” என்பதுபோல் ஏதோ சொல்லி அவர் தோளில் தட்டினார். வயதாகிவிட்டது, புதுசு என்றால் மிரள்கிறார் என்று ஆபீஸ் முழுவதும் பேச்சு. அந்தக் கேலிக்குள் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்ததால் தவசிமுத்து மறுக்கவில்லை.

ஆனால் பக்கத்து வீட்டு உக்கிரபாண்டிக்குக் கேலியும் தெரியாது, வசதியும் தெரியாது. முப்பது வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டையாவாக ஓய்வு பெற்றவர். ஓய்வு சர்க்கார் கொடுத்தது, அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினார்.

“ஏலே தவசி. தை மாசம் மாடி எடுக்கப்போறேன். என் வீட்டு பிளான் உன் பெட்டிக்குள்ளதான கெடக்கு? அந்தப் புது மெஷின்லயே போட்டுக் குடு. சுப்புராஜு அதுல பொய்யே வராதுன்னாரு.”

“சரிங்கய்யா” என்றார் தவசிமுத்து. உக்கிரபாண்டி வீட்டு ஹால் அந்தப் பெட்டிக்குள் பத்தடி எட்டு அங்குலம். மூத்த மகளுக்கு மூன்று வரன் தட்டிப்போன வீடு அது. புது மெஷின் பத்தடி எட்டு என்று எழுதினால், அந்த மூன்று வரனையும் தட்டிவிட்டது யார் என்று போலீஸ்காரர் கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆகும்?

சும்மா விட்டிருக்கலாம். உக்கிரபாண்டி டேப்பை எடுத்து ஹாலை அளந்து, தரையில் பதினொன்று இருப்பதைப் பார்த்து, மெஷினைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். இது நமக்கு இப்போது தெரிகிறது. பயந்தவனுக்கு அப்போது தெரியுமா?

அப்படித்தான் அந்த மூன்று ஞாயிறும் போயின. ஆபீஸில் ஆள் இல்லாத நாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். எண் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் கோடு எண்ணுக்குத் தக்கபடி நீள வேண்டும், அவ்வளவுதானே. ஹாலின் ஓரத்தைப் பிடித்து, அதற்கு மேற்கே இருந்த எல்லாவற்றையும் சேர்த்து வளைத்து, நாலு அங்குலம் தள்ளினார். சமையலறை நகர்ந்தது. சந்து நகர்ந்தது. சந்துக்கு அப்பால் இருந்த எல்லைக்கோடும் கூடவே நகர்ந்தது. அதை அவர் கவனித்தாரா, கவனித்தும் போகட்டும் என்று விட்டாரா என்பது அவருக்கே தெளிவில்லை. ஒரு வீட்டுக்கு நாலு, ஒரு வீட்டுக்கு ஆறு, ஒன்றுக்கு இரண்டு. மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் நூற்று முப்பத்தேழும் முடிந்தன. கோடும் எண்ணும் முதல்முறையாக ஒரே பேச்சுப் பேசின. கம்ப்யூட்டருக்குள் ஊர் கொஞ்சம் பெருத்துவிட்டது. வெளியே மண் அதே மண்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் முன்வரிசையில் நின்று பாடினார். ராஜபாளையத்துக்காரியைக் கைவிட்டுவிட்டார் என்று தெரு முடிவு செய்தது.

தையில் புதுப் பதிப்பு வந்தது. உக்கிரபாண்டியின் பிளானை முதலில் திறந்தார்கள். ஹால் பதினொன்று, படுக்கை அறை பத்து, சமையலறை எட்டு, சந்து மூன்று. தவசிமுத்து மூச்சை விட்டார். அடியில், மொத்த அகலம் இருக்கிற இடத்தில், பழைய பிளானில் முப்பத்துநாலடி எட்டு அங்குலம் என்று இருந்தது இப்போது முப்பத்தைந்தடி என்று இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேறு ஓர் ஆள் இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஏலே தவசி. செத்த இங்க வா.”

உக்கிரபாண்டி பனியனோடு நின்றார். ஒரு கையில் புது பிளான், ஒரு கையில் டேப். சந்துச் சுவரில் அவர் தோள் உரசியது.

“சந்து எம்புட்டுப் போட்டிருக்க?”

“மூணடிங்கய்யா.”

“டேப்பைப் பாரு.”

“ரெண்டடி எட்டு.”

“என் மனை எம்புட்டுப் போட்டிருக்க?”

தவசிமுத்து காகிதத்தைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார். “முப்பத்தஞ்சு.”

“ரூமையெல்லாம் அளந்துட்டேன். நூல் பிசகாம இருக்கு. நாலு இஞ்சி மட்டும் சந்துல இல்ல. நான் வீடு கட்டினது தொண்ணூத்திரெண்டு. நீ காம்பவுண்டு கட்டினது என்னைக்கு?”

“தொண்ணூத்திநாலு.”

“ம்” என்றார் உக்கிரபாண்டி. முப்பது வருஷம் அவர் அந்த ஓர் எழுத்தை வைத்துத்தான் பிழைத்தார்.

பத்திரத்தைப் பார்க்கலாமே என்றால், அது அடிக்கணக்கு இல்லாமல் தச்சுமுழத்தில் எழுதிய பழைய பத்திரம். கிழமேல் ‘சுமார்’ என்று இருக்கிறது. பழைய பிளானை எடுக்கலாமென்றால், அதில் கூட்டுத்தொகை ஒன்று, அடியில் எண் ஒன்று; குட்டு உடைந்துவிடும். அந்த மனைக்குச் சரியான அளவு என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது தவசிமுத்து போட்ட அளவுதான்.

வாசலில் நான்கைந்து தலைகள் சேர்ந்துவிட்டன. பரிபூரணம் ஓடி வந்தாள். “ஏங்க, வாயைத் தொறந்து சொல்லுங்களேன்! நம்ம சுவரு நம்ம எடத்துலதான் நிக்கி. அந்தக் கம்ப்யூட்டரு தப்பாப் போட்டுட்டுன்னு சொல்லுங்க!”

தவசிமுத்து மனைவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கம்ப்யூட்டர் தப்பு என்றால், எந்தப் பிளானில், எத்தனை பிளானில் என்று கேள்வி வரும். கேட்கிறவர் போலீஸ்காரர்.

“கம்ப்யூட்டர் தப்பாப் போடாதுங்கய்யா” என்றார். “என் சுவருதான் தள்ளி நிக்கும். எடுத்துக் கட்டிக் குடுத்துருதேன்.”

பரிபூரணம் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. ராஜபாளையத்துக்காரி இருந்தபோதுகூட அவள் பேச்சை நிறுத்தியதில்லை.

சுவரை இடிக்க வந்தவர் இருளப்பசாமியேதான். முதல் கல்லைப் பெயர்க்கும் முன் தவசிமுத்துவிடம் குனிந்து, “சந்தைத் தின்னது நானு, செமிக்கது நீங்களா?” என்றார். “பேசாம இடிங்க” என்றார் தவசிமுத்து.

சுவர் விழுந்த சத்தம் தெருவோடு நிற்கவில்லை. பிளான் போட்ட மனிதனே தன் சுவரை இடித்து இடம் கொடுத்தான் என்றால், அந்த மெஷின் எப்பேர்ப்பட்ட மெஷினாக இருக்க வேண்டும்! பஸ்ஸில் பேசினார்கள், சலூனில் பேசினார்கள். ஊரில் எவனுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரன்மேல் ஒரு சந்தேகம் இல்லை? அவனவன் சந்தை அளந்து பார்த்தான். குறைந்தது. எல்லாச் சந்தும் குறைந்தது.

அடுத்த திங்கட்கிழமை தவசிமுத்து ஆபீஸ் படியேறியபோது ஏ.சி. அறை வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. சுப்புராஜ் முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார். “ஏமய்யா, பாத்தியா? எல்லாருக்கும் புது பிரின்ட் வேணுமாம்!”

பெஞ்சில் முதலில் இருந்தவர்கள் தளவாய்புரத்து ஐயாதுரையும் அவர் தம்பி கண்ணுச்சாமியும். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சந்து. ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். அண்ணன் மடித்துக் கொடுத்த வெற்றிலையைத் தம்பி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் மனைக்கு ஆறு அங்குலம், தம்பி மனைக்கு ஐந்து, இரண்டும் அந்தச் சந்தின் பக்கமே. இரண்டாம் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளியது. தவசிமுத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“ரெண்டு வீட்டையும் சேத்தே எடுங்க சார்” என்றார் ஐயாதுரை. “எங்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு.”

தவசிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு வெளியே சகோதரர்கள் இருவரும் எழுந்து, தோளோடு தோள் நின்று, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார்கள். பிளானைக் காகிதத்தில் வரைகிற பிளாட்டரில் பேனா இறங்கியது. முதலில் அது எல்லைக்கோட்டைத்தான் போடும்.