கழுதைகள் தேர்ந்த கிணறு

தோட்டவெளி என்னும் ஊரில் கிறேஸ் திறந்த விடுதிக்கு அன்றுதான் முதல் விருந்தினர் வந்திருந்தார்கள். பறவை பார்க்கக் கண்டியிலிருந்து வந்த பதினாறு பேர். போத்தல் தண்ணீர் ஏற்றி வந்த லொறியோ வழியில் அடம்பனில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வேறு வழியின்றிச் சமையற்காரர் தாவூது மோட்டர்க் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டார்.

கூட்டத்தின் தலைவர் தில்லைநாதன் ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தார்.

“அம்மா, மீன்குழம்புக்கு வைச்ச உப்பைத் தேத்தண்ணிக்குப் போட்டிட்டீங்களோ?”

கிறேஸ் பதறிப்போய்க் குடித்துப் பார்த்தாள். தாவூதும் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி!”

பிறந்ததிலிருந்து உவர்நீருக்குப் பழகிய நாக்குகள் அவை. அதுவே வினையாயிற்று.

“பின்னேரத்துக்குள்ள நல்ல தண்ணி வராட்டி வேற இடம் பாக்கிறம்” என்று சொல்லிவிட்டு, தில்லைநாதன் தம் கூட்டத்தோடு பறவை பார்க்கப் புறப்பட்டார்.

முதல் விருந்தினரே தாகத்தோடு போனால், அடுத்து யார் வருவார்? மனம் நொந்து வளவின் பின்புறம் போனாள் கிறேஸ். தெருக் கழுதைகள் நான்கு உள்ளே நுழைந்திருந்தன. விரட்டத் தடியை ஓங்கியவள் ஓங்கியபடியே நின்றாள். மோட்டர்க் கிணற்றுக் குழாய்த் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது; கழுதைகள் அதை மோந்துவிட்டு விலகின. சுவர் கட்டும் மேசன்மார் வளவு மூலையிலிருந்த பழைய கிணற்றில் அள்ளி வைத்த வாளிக்கோ நான்கும் முட்டி மோதின.

“தாவூது நானா, ருசி பாக்க ஆள் கிடைச்சிட்டுது. ஓடி வாங்கோ!”

“உங்களுக்கு விசரோ? கழுதையிட்டக் கேட்டோ தேத்தண்ணி போடுறது?”

“எங்கட நாக்குக்கு விளங்காதது அதுகளுக்கு விளங்குது.”

இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் இரண்டு வாளிகளில் வைத்தார்கள். பிறகு இடம் மாற்றியும் வைத்தார்கள். இரு முறையும் கழுதைகள் பழைய கிணற்றையே தேர்ந்தன. மோட்டர் போட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே ஏறிவிடும் என்பது தாவூதுக்குத் தெரியும். ஆதலால் பனையோலைப் பட்டையால் மெல்ல மெல்ல அள்ளினார். கிறேஸ் அதை வடித்துக் கொதிக்கவைத்து, மண்பானைகளில் ஆறவைத்தாள்.

பின்னேரம் களைத்து வந்தவர்கள் பானைகளைக் காலி செய்தார்கள். பிறகு பனங்கட்டியோடு தேநீர் வந்தது. தில்லைநாதன் ஒரு மிடறு குடித்தார், கோப்பையை முடித்தார், இன்னொன்று கேட்டார்.

“இது எங்கயிருந்து வந்த தண்ணி?”

“இந்த வளவுத் தண்ணிதான்.”

“ஆர் கண்டுபிடிச்சது?”

கிறேஸ் வேலிவாசல் படலைப் பக்கம் கை நீட்டினாள். நான்கு காதுச் சோடிகள் அங்கே ஆடின. பதினாறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கிழமை முடியுமட்டும் இங்கதான் இருக்கிறம்” என்றார் தில்லைநாதன்.

மறுநாள் விடிந்ததும் பழைய கிணற்றின் முதல் வாளியைக் கிறேஸ் படலையடியில் வைத்தாள். விருந்தினருக்கு அடுத்த வாளி.

“இருவத்தஞ்சு வருசமாச் சமைக்கிறன், இப்பதான் எனக்கு மேல நாலு பேரை வைச்சிருக்கிறீங்கள்!” என்று தாவூது முறையிட்டார். ஆனால் வாளியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தவரும் அவரே.