அடை கட்டிய முகம்

செத்துப்போன அப்பாவின் முகத்தைக் கம்பியில் வளைத்து, அக்கா தேன்பெட்டிக்குள் வைத்திருந்தாள். மூன்றே மாதத்தில் தேனீக்கள் அதன்மேல் அச்சு அசலாக அடை கட்டிவிட்டன. மறுநாள் அவளுடைய சிற்பக் கண்காட்சி.

தம்பி பெட்டியைத் திறந்தான். பெல்ட்டால் தன்னை விளாசிய அதே முகம். சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான். கன்னம் பிளந்து தேன் கொட்டியது. தேனீக்கள் அவனை மொய்த்துக் கொட்டித் தீர்த்தன.

"டேய், கிறுக்கா! செத்துடுவடா, வா!" அக்கா ஓடிவந்து போர்வையைப் போர்த்தி இழுத்தாள்.

"விடுக்கா! மூக்கு இன்னும் மிச்சம் இருக்கு."

"எனக்குக் கல்யாணம் ஆனதோட அடிக்கிறத நிறுத்திட்டாருன்னு சொன்னியேடா?"

"நீ அங்க நிம்மதியா இருக்கணும்னு சொன்னேன்."

அவள் தம்பியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சுத்தியலோடு திரும்பி வந்து, தேனீக்கள் கொட்டக் கொட்ட அந்த மூக்கை நொறுக்கினாள்.