அம்மாவின் ஆம்னிக்கு ஒரு ரிலே

பழைய இரும்பு எடுக்கிறவன் மதியம் வருவான் என்று அண்ணன் பார்த்திபன் சொன்னான். என்னைக் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து அணுபுரம் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போய் அம்மா ஓட்டிய ஆம்னி வேன் அது. எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி என்னுடையது. அந்த வண்டி ஓடித்தான் வந்தது. அதை இரும்பாக்க இவன் யார்?

"கொஞ்ச தூரம் போனா நின்னுடுது. இன்ஜினு காலிடி."

"உனுக்கு இன்னா தெரியும்? பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் பத்தல."

"அப்ப மதியத்துக்குள்ள ஓட வை. இல்லனா தூக்கி வுட்டுடுவேன்."

பம்பு இழுக்கும் கரண்ட் முழுக்கச் சாவிச் சுவிட்ச் வழியாகவே போய், சுவிட்ச் உள்ளே கருகியிருந்தது. நடுவில் ரிலே என்ற சின்ன சுவிட்சைப் போட்டுவிட்டால், சாவி அதைத் தட்டிவிடுவதோடு சரி. பம்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வரும். ஃபியூஸ் வைத்துப் புது ஒயர் இழுத்தேன். ரிலேவைத் தட்டிவிடும் ஒயரை மட்டும் கைக்கு எட்டிய டேப் ரெக்கார்டர் ஒயரில் முறுக்கினேன். சாவி போட்டால்தானே பாட்டு வரும் என்று நினைப்பு.

வண்டி கிளம்பியது. சாவியை உருவினேன். இன்ஜின் நின்றது, பம்பு மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னா இன்ஜினியரம்மா, பேய் ஓட்டுதா?" பார்த்திபன் சிரித்தான்.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "டேப்பு ஒயரத் தொட்டியா? அது பேட்டரில நேரா கீது. நான்தான் அப்டிப் போடச் சொன்னேன்."

சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பள்ளி விட்டதும் வண்டி மகாபலிபுரம் போகும். அம்மா மீன் வாங்க இறங்கும்போது சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள், எந்த வாண்டும் வண்டியைக் கிளப்பக் கூடாதென்று. ஆனால் பாட்டு நிற்காது. கதவெல்லாம் திறந்து கிடக்க, மணல் காலோடு சீட்டில் ஏறி ஆடுவோம். முதலில் ஏறுகிறவன் பார்த்திபன்தான். 'பொம்பள ஓட்ற வண்டி' என்று பிள்ளையை அனுப்பாதவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் கிடைக்கவில்லை. போகட்டும்.

டேப் ஒயரைப் பழையபடி விட்டேன். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரைத் தேடிப் பிடித்து ரிலேவைச் சேர்த்தேன். செங்கல்பட்டு ரோட்டில் வெகுதூரம் போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை.

வாசலில் இரும்புக்காரன் காத்திருந்தான். அம்மா என்னை இறக்கிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். கிளட்சை மிதித்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. பல்லைக் கடித்து மறுபடி மிதித்தாள். முடியவில்லை.

"ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கும்மா?" பார்த்திபனின் குரல் இறங்கியிருந்தது.

"ஏன், இவ இல்ல?" அம்மா இறங்கிச் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். "மீன் வாங்கி நாளாச்சு. மகாபலிபுரம் வுடுடி."

பார்த்திபன் இரும்புக்காரனிடம், "நீ கெளம்பு அண்ணாத்த, தப்பா சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பின்கதவை இழுத்து ஏறிக்கொண்டான்.

பூஞ்சேரி திருப்பத்தில் கியர் மாற்றினேன். வண்டி குலுங்கியது.

"படிச்சவ ஓட்ற லட்சணத்தப் பாரு! கிளட்ச முழுசா மிதிடி."

அம்மா திட்டட்டும். கடல் வரைக்கும் திட்டிக்கொண்டே வரட்டும்.