அலகின் சிவப்பு

ஜம்புநாதன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபோது ஐந்து தாள்களும் அப்பளம் போல மொரமொரப்பாகியிருந்தன. குளித்துவிட்டு வந்த மகள் தீப்தி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஃபிரிட்ஜ் ஒழுகியிருக்கும்மா. தயிர் எடுக்கப் போனேன், உன் படமெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. துண்டு போட்டுத்தான் தேய்ச்சேன், ஒண்ணும் ஆகலை."

"நான்தாம்ப்பா நனைச்சு வச்சேன்."

ஜப்பானிய முறைப்படி மரக்கட்டையில் பறவையைச் செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டையாக, ஈரத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்ற வேண்டும். கடைசி நிறம் வரை அந்த ஈரம் மாறக் கூடாது. காய்ந்தால் தாள் சுருங்கும், நிறம் இடம் தவறும். கொல்கத்தா மழைக்காலத்தில் ஈரத் தாளை வெளியே வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை. அதனால்தான் ஃபிரிட்ஜ். மீன்கொத்தியின் நீலமும் பழுப்பும் முடிந்திருந்தன, பின்னால் நாணலும். பாக்கி அலகின் சிவப்பு மட்டும். ஒரே மாதிரி மூன்று படங்களை இன்று ஐந்து மணிக்குள் கேலரியில் சேர்த்தால்தான் கியோட்டோ பயிற்சிக்கான தேர்வில் அவள் பெயர் இருக்கும். மணி ஒன்றரை.

"போர்ட்ல கன்டெய்னரையும் இஸ்திரி போட்டுத்தான் அனுப்புவீங்களா?" என்றாள். கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

தாள்களை மறுபடி நனைத்து, பலகைக்கு அடியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாள். முதல் தாளை ஒற்றி எடுத்தாள். சிவப்பு அலகைத் தாண்டி நாணலில் பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நனைத்து அடுத்தது. இப்போது முகத்துக்கும் அலகுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு.

மீதி மூன்று.

"அலகு வெள்ளையாவே இருக்கட்டுமே," என்றார் அப்பா மெதுவாக. "மூணும் ஒரே மாதிரிதானே இருக்கு. அப்படியே குடுத்துடு."

அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சிவப்பில்லாத மீன்கொத்தி, மீனையே அறியாததைப் போல உட்கார்ந்திருந்தது. ஆனால் ஒன்றில் சிவப்பு வைத்துவிட்டால் மற்ற இரண்டிலும் வைத்தே ஆக வேண்டும்.

தாள் அந்த அளவு நகர்ந்து உட்காரட்டும் என்று, கட்டையில் தாளின் மூலை உட்காரும் வெட்டுக்குள் மயிரிழை அளவு காகிதம் ஒட்டினாள். சிவப்பைப் பூசினாள். தாளை இறக்கி, வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்தாள். உரித்தாள். பொருந்தியிருந்தது.

இனித் திரும்ப முடியாது.

அடுத்ததும் பொருந்தியது. கடைசித் தாளைத் தூக்கினாள். கீழே வைத்துவிட்டு, மூச்சை அடக்கி மறுபடி எடுத்தாள். அப்பாவைப் பக்கத்தில் காணோம். பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தாள் மூலையில் உட்கார்ந்தது. தேய்த்தாள். நுனியைப் பிடித்து உரித்தாள்.

வெகுநேரம் சத்தமே வராததால் அவர் அங்கிருந்தபடியே பேச ஆரம்பித்தார். "என் தப்புதாம்மா. யாருக்கு போன் பண்ணணும்னு சொல்லு, நானே பேசறேன். வீட்ல ஒரு முட்டாள் இருக்கான், அவன் பண்ண வேலைன்னு சொல்லிடறேன்..."

"அப்பா." அவள் மூன்று படங்களையும் அட்டைகளுக்கு நடுவே அடுக்கிக்கொண்டிருந்தாள். "கீழ போய் மெட்ரோவுக்கு ஒரு ஆட்டோ நிறுத்துங்க. மணி நாலாகப் போகுது."