அன்ரனாக் கம்பியில் ஒரு பறவை

கேற்றைத் துவக்குப் பிடியால் இடித்த சத்தத்தில் எதிர்வீட்டு மாமரத்துக் காகங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிக் கத்தின. நேசமலரின் கையிலிருந்த சுளகு நழுவி, புடைத்துக்கொண்டிருந்த உளுந்து குசினி முழுக்கச் சிதறியது.

"ஆர் மலர் அது?"

முன்னறையிலிருந்து கணவர் சிவபாதசுந்தரம் கேட்டார். ஜன்னலோரம் சாய்கதிரையில்தான் இருந்தார். கேற் அவருடைய கண்ணுக்கு நேரே, அறுபது அடி தூரத்தில் இருந்தது. ஆனாலும் அங்கே நின்ற மூன்று பொலிஸ்காரரையும், அவர்களுக்குப் பின்னால் கைலேஞ்சியைக் கசக்கிக்கொண்டு நின்ற பெண்ணையும் அவர் காணவில்லை.

"நேற்று வந்த இன்ஸ்பெக்டர்," என்றாள் நேசமலர். "எதிர் லொட்ஜ் செபஸ்தியன்ரை அக்கா திரேசாவும் நிக்கிறாள்."

சிவபாதசுந்தரம் உடனே மடியிலிருந்த பைனோகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்குகிற அந்த ஒழுங்கையில் அவரைத் தெரியாதவர் இல்லை. நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து இளைப்பாறியவர். இளைப்பாறிய அடுத்த நாளே அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்கைக்கு மேலே வட்டமிடுகிற பிராந்து, மாமரத்தில் ஒளிந்திருந்து அணில் பிடிக்கிற வல்லூறு, மதிலில் ஓடுகிற கீரி, எது வந்தாலும் நேரம், திசை, அடையாளம் எல்லாம் கொப்பியில் ஏறும். மாதம் ஒருமுறை பறவைச் சங்கத்துக்குக் குறிப்பு போகும். யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் பைனோகுலர் இருப்பதென்றால் சும்மா காரியமா? சங்கத்துக் கடிதத்தைக் கொண்டுபோய்ப் பொலிஸில் காட்டி, முத்திரை குத்தி வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஒழுங்கை முனையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸவாஹிர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர் சொல்வதை வாய் பிளந்து கேட்பார்.

இரண்டு வருடமாக அந்தக் கண்கள் செத்துக்கொண்டிருந்தன. கண்ணழுத்தம் என்றார் டொக்டர். வெளிச்சம் தெரியும், அசைவு தெரியும், அவ்வளவுதான். "வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது," என்று மனைவிக்குச் சொல்லிவிட்டார். லண்டனில் இருக்கும் மகளுக்குக்கூடத் தெரியாது.

அன்று தொடக்கம் பார்ப்பது நேசமலர், பெயர் வைப்பது அவர்.

"நெஞ்சு?"

"கோடு கோடா. செங்கல் நிறம்."

"கண்?"

"சிவப்பு."

"வல்லூறு. ஆண். எழுது."

அவள் எழுதுவாள். ஆட்கள் இருக்கும்போது தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் பக்கத்தில் வந்து, "வாலிலை பட்டை போட்டது ஒண்டு நிக்குது, பாத்தீங்களே?" என்று தற்செயலாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவாள். ஸவாஹிருக்கு இரண்டு வருடமாக ஒன்றும் பிடிபடவில்லை.

பிடித்தவன் செபஸ்தியன். மன்னார்ப் பெடியன். இருபத்துமூன்று வயது. எதிர் லொட்ஜில் தங்கி இத்தாலிக்குப் போகக் காத்திருந்தான். அங்கே இருக்கும் தமையனின் டெலிபோன் இவர்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்படி ஒரு ஞாயிறு, கோல் வரும்வரை ஜன்னலடியில் குந்தியிருந்தான். நேசமலர் கடைக்குப் போயிருந்தாள். ஸவாஹிர் இருந்தார். மதிலில் ஏதோ கறுப்பாக அசைய, சிவபாதசுந்தரம் பைனோகுலரை உயர்த்தி, "பாரும் ஸவாஹிர், கரும்பிராந்து! இறைச்சி கிழிக்குது!" என்றார்.

செபஸ்தியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ அங்கிள், அது காகம்! லொட்ஜ்காரன் எறிஞ்ச பாண் துண்டைக் கொத்துது! அங்கிள், உங்களுக்குக் கண் தெரியிறேல்லை, என்ன?"

ஸவாஹிரும் சிரித்துவிட்டார். "நமக்கும் வயசு போகுது ஐயா," என்று தோளில் தட்டினார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வியாழக்கிழமை ரயில் பாதை ஓரம் ஒரு பொதியைக் கண்டெடுத்தார்கள். வெடிக்க முன்னர் செயலிழக்க வைத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை பொலிஸ் வீடு வீடாக ஏறியது. இந்த வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் பைனோகுலரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேலியகொடை மீன் சந்தையில் பழகிய தமிழ் அவருடையது.

"நாள் முழுக்க இதால பாக்கிறது. ஒண்டும் காணல்லயா? அப்ப இது என்னத்துக்கு, ஐயா?"

சிவபாதசுந்தரம் பைனோகுலருக்காகக் கையை நீட்டினார். பிறகு, வல்லூறுக்குப் பெயர் சொல்கிற அதே குரலில் சொன்னார். "கண்டனான். பின்னேரம் நாலே கால். எதிர் லொட்ஜிலை இருக்கிற செபஸ்தியன். ஒரு பையோடை ரயில் றோட்டுப் பக்கம் போனவன். வெறுங்கையோடை வந்தவன்."

அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர். பத்து நிமிடத்தில் செபஸ்தியனைச் சேட்டும் போடவிடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள்.

"நாலே காலுக்கு நான் உங்களுக்குப் பேப்பரிலை மரண அறிவித்தல் வாசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள் நேசமலர்.

"பைனோகுலரை வைச்சுக்கொண்டு ஒண்டும் காணேல்லை எண்டால் அவன் என்னையெல்லோ ஏத்தியிருப்பான்? நாலு நாள் வைச்சு விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். பெடியன் தாங்குவான்." பிறகு உதட்டைச் சுழித்தார். "எனக்குக் காகம் காட்ட வந்தவர்!"

அந்த இரவு அவர் நன்றாகத் தூங்கினார். நேசமலர் தூங்கவில்லை.

இப்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரேசா தண்ணீர் கேட்கிற சாட்டில் குசினிக்குள் வந்து, நேசமலரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் காலடியில் உளுந்து நெரிந்தது.

"அன்ரி, தம்பியின்ரை வலக்கையைப் பாக்க ஏலாது. நகம் ரெண்டு இல்லை. அங்கிளுக்குக் கண் தெரியாதெண்டு தம்பி அங்கை சொல்லியிருக்கிறான். அதைத்தான் பாக்க வந்திருக்கினம். கண் தெரியாட்டில் பின்னேரமே விட்டிடுவினமாம். தெரியுமெண்டால் இண்டைக்கே மேலிடத்துக்கு அனுப்பிப்போடுவினம். அங்கை போனவையள் ஆர் அன்ரி திரும்பி வந்தவை?"

நேசமலர் அந்தக் கணத்திலேயே தீர்மானித்துவிட்டாள். அவள் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். மனிதர் தானாகத் தடுமாறுவார், பெடியன் வீட்டுக்கு வருவான். முதல்முறையாக அவர் தன் கண்ணாலேயே பார்த்துச் சொல்லட்டும்.

"ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர், "அந்தப் பையன் சொல்றான், ஐயாவுக்குக் கண் தெரியாதாம். சிரிக்கவும் சிரிக்கிறான், பல்லு உடைஞ்ச பிறகும்."

"பொய்," என்றார் சிவபாதசுந்தரம். "சுவரிலை பாருங்கோ, கடிதம்."

"கடிதத்துக்குக் கண் இருக்குதா?" இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். எதிர் லொட்ஜின் மொட்டைமாடியில் வளைந்துபோன டிவி அன்ரனா. அதன் கம்பியில் ஒரு பறவை. "அந்தா, அன்ரனாவில ஒண்டு இருக்குது. என்ன அது? சொல்லுங்க பாப்பம்."

சிவபாதசுந்தரம் பைனோகுலரை உயர்த்தினார். விரல்கள் பழக்கமாகச் சக்கரத்தைத் திருகின. முன்னும் பின்னும் திருகின.

"மலர், அந்தக் கொப்பியைக் கொண்டு வா," என்றார்.

அவள் கொப்பியோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவருடைய இடது கை கதிரைப் பிடியில் மெல்லத் தட்டியது. சொல்லு, சொல்லு என்று தட்டியது.

நேசமலர் அன்ரனாவைப் பார்த்தாள். மண்ணிற உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. வாலில் பட்டை. கிளிப்பச்சைச் சொண்டு. செக்கச் சிவந்த கண். பெண் குயில். வளவுக்கு வளவு கூவுகிற ஆண் குயிலின் கறுப்பைத்தான் ஊருக்குத் தெரியும். இதைக் கண்டால் இது குயில் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நம்பமாட்டார்கள். அவள் பற்களை இறுக்கிக்கொண்டாள். கொப்பியை நீட்டினாள். வாய் திறக்கவில்லை.

கை தட்டுவதை நிறுத்தியது.

"வல்லூறு," என்றார் சிவபாதசுந்தரம். குரல் கணீரென்று இருந்தது. "இளசு. நெஞ்சிலை கோடு இன்னும் சரியா விழேல்லை. காலமை அணில் ஒண்டை அடிச்சிருக்கும், வயிறு நிறைஞ்ச இருப்பு."

பிழை. நேசமலர் இறுக்கிய பற்களைத் தளர்த்தினாள். குசினிக் கதவடியில் நின்ற திரேசாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அங்கிருந்து அன்ரனா தெரியாது. திரேசா அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பைனோகுலரைப் பறித்துத் தானும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். காகம், கோழி. அதுவும் கோழியைக் கறியில பாத்தாத்தான்." தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, மேசையிலிருந்த கடுதாசியில் எழுதப் பேனையைத் திறந்தார். திறந்தவர் நின்றார். நேசமலரின் கையிலிருந்த கொப்பியை வாங்கிப் புரட்டினார். பழைய பக்கங்களில் ஒரு கையெழுத்து, புதிய பக்கங்களில் வேறொன்று.

"இது நோனாட எழுத்துத்தானே?" நேசமலரைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம்."

"அப்ப நோனாவுக்கும் இதெல்லாம் தெரியும்." அவர் பேனையை மூடவில்லை. "ஐயா சொன்னது சரியா, பிழையா? பிழையெண்டா இப்பயே சொல்லுங்க. பையன் பின்னேரம் வீட்டுக்கு வருவான். அவன்ட கூண்டுக்கு ஐயாவைக் கொண்டுபோக வேணும், அவ்வளவுதான். பொலிஸுக்குப் பொய் சொன்னதுக்கு."

சிவபாதசுந்தரம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். அவருடைய வலக்கை, நகம் ஐந்தும் அவள் ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட்டபடி சுத்தமாக, அவளுடைய சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்தது.

அன்ரனாவில் குயில் ஒருமுறை சிறகைக் கோதிக்கொண்டது. திரேசா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சொல்லுங்க, நோனா."

"வல்லூறுதான், சேர். இவரின்ரை கண் ஒருநாளும் பிழைச்சதில்லை."