அண்ணன் போட்ட மஞ்சள்

தப்பு என்னுடையது, வண்டியுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர் மானேபஞ்சாங் டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இதற்குக் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள்.

வண்டி என் அண்ணன் தன்ராஜ் ஓட்டியது. தேயிலைத் தோட்டத்துத் துரை விட்டுப்போன கிழட்டு ஜீப். இரண்டு வருடத்துக்கு முன் பாய்டீக்கா அன்று, அதாவது உடன்பிறந்தவன் ஆயுளுக்காகச் சகோதரி பொட்டு வைக்கும் பண்டிகையன்று, "சவாரி இருக்கு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அக்கா வீட்டுக்குப் போகாமல் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போனான். தை மாதம் நெஞ்சுவலி. அவ்வளவுதான், போய்விட்டான்.

மலை மேலே தும்லிங்கில் இருக்கும் தேவ்மாயா எனக்கு அக்கா, அவனுக்குத் தங்கை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே புலம்பல். "நான் பொட்டு வெச்சு, எண்ணெயும் தண்ணியும் சுத்திக் கோடு விட்டிருந்தா எமன் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பானா?" போன வருடம் துக்கம், பண்டிகை இல்லை. இந்த வருடம் பொட்டு வைக்க அவளுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

"பதினொன்னு அம்பத்தஞ்சோட நல்ல நேரம் முடியுது, பிர்கா. நீ வராம பச்சத்தண்ணி பல்லுல படாது" என்று போனில் சத்தியமே செய்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி வேறு.

ஏற்றத்தில் வண்டி சூடாகி நின்றுவிட்டால் என்ன செய்வது? அதனால் முதல் நாளே ரேடியேட்டரைக் கழுவ உட்கார்ந்தேன். எங்கள் வண்டிகளுக்கு வெறும் தண்ணீர்தான். குளிர்காலத்தில் ராத்திரி உறைந்தால் இரும்பையே பிளந்துவிடும் என்று மாலையில் வடித்துவிட்டுக் காலையில் ஊற்றுவோம். அண்ணன் அதோடு சரி. நான் கழுவப் போனால், "உள்ள இருக்கறத நோண்டாதடா" என்று கையைத் தட்டிவிடுவான். சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் அடிக்குழாயைத் திறந்தேன். முதலில் டிகாஷன் போலத் துரு வந்தது. பிறகு ரப்பர் குழாயை அடியில் சொருகித் தண்ணீரை மேல் நோக்கிப் பாய்ச்சினேன். கட்டி கட்டியாகச் சேறு வந்தது. அப்புறம் மஞ்சள்! உள்ளங்கை எல்லாம் மஞ்சள்.

"என்னங்க, உள்ள குழம்பா வெச்சிருக்கு?" என்று என் மனைவி சபித்ரா சிரித்தாள். நானும் பெருமையாகச் சிரித்தேன். தண்ணீர் கண்ணாடியாக வரும்வரை விடவில்லை.

மறுநாள் அவள் தன் அண்ணன்மாருக்காகக் காத்திருந்தாள். நான் புதுத் தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழ் அடங்கும்வரை மெதுவாக ஓடவிட்டு, பத்து மணிக்குத் தனியே கிளம்பினேன். பதினோரு கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் தாராளம்.

பாதி வழிகூட வராத சித்ரே ஊரை எட்டும்போதே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி. பண்டிகை நாள், ரோட்டில் வேறு வண்டியே இல்லை. டீக்கடை நிம்டோமா அக்கா வாசலுக்கு வந்தாள்.

"ஒரு வாளி தண்ணி குடுங்கக்கா, அவசரம்!"

"தண்ணி இருக்கட்டும். கீழ பாருடா, மூணு எடத்துல ஒழுகுது."

"அது எப்பிடி? நேத்துதான் சோடா போட்டுப் பளிச்சுன்னு கழுவினேன்!"

"கழுவிட்டியா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட மடப்பயலே! மாசம் ஒரு பிடி மஞ்சத்தூள் உங்கண்ணன் எங்கிட்டதான் வாங்குவான். ஓட்டைய அடைச்சு வெச்சதே அதுதான். 'தம்பிகிட்ட சொல்லிடாத, பயந்துக்குவான்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கினான்."

செத்தவனை மனசுக்குள் கண்டபடி திட்டினேன். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, சனியன். அவன் கையால் அடைத்ததை என் கையாலேயே கழுவி ஊற்றியிருக்கிறேன்.

கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஆறுகிறவரை நிற்க வேண்டும். கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. போன் அடித்தது.

"எங்கடா இருக்க?"

"சித்ரேலதான்க்கா. இதோ வந்துட்டேன்."

"கொரல் ஏன் நடுங்குது?"

"குளிரு."

நடுங்கியது அவள் குரலும்தான். அவள் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிம்டோமா அக்கா கிண்ணம் நிறைய மஞ்சள்தூள் கொடுத்தாள். ஆறியதும் ரேடியேட்டரில் இரண்டு பிடி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒழுக்கு சொட்டாகக் குறைந்தது. மணி பதினொன்று பத்து. ஒரு கேனில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, முதல் கியரிலேயே வண்டியை உருட்டினேன்.

தும்லிங்குக்கு முந்தின ஊரான மேக்மாவில் முள் மறுபடி சிவப்பு. மூடுபனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஆறுவதற்காக நின்றேன். பதினொன்று ஐம்பத்தைந்து அங்கேயே, என் கண் முன்னால் கடந்தது. "அண்ணா, அவளை மட்டும் விட்டுடாத" என்று பானெட்டில் கை வைத்துப் பைத்தியக்காரன் மாதிரி கெஞ்சினேன்.

தும்லிங் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. அக்கா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

"வா உள்ள. நேரம் இருக்கு."

"எங்கக்கா இருக்கு? எப்பவோ முடிஞ்சு..."

"வாய மூடு."

சுவர்க் கடிகாரம் பதினொன்றரையில் நின்றிருந்தது. அதன் பேட்டரி பொட்டுத் தட்டில், வாடாமல்லி மாலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"யாராச்சும் கேட்டா எங்க வீட்டுக் கடிகாரப்படின்னு சொல்லு" என்றாள்.

எண்ணெயும் தண்ணீரும் சுற்றிவிட்டு, ஏழு நிறத்தில் பொட்டு வைத்து மாலை போட்டாள். அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இதென்ன மஞ்சள்?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தட்டையும் செம்பையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "தொற" என்றாள். பானெட்டைத் தூக்கினேன். சூடு அடங்காத ரேடியேட்டரின் நெற்றியில் ஏழு பொட்டும் வைத்தாள். வண்டியைச் சுற்றி எண்ணெயும் தண்ணீரும் விட்டுக்கொண்டே நடந்தாள்.

"உனக்கும் நேரம் முடியலண்ணா" என்றாள்.

பிறகு உள்ளே வந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்து, பண்டிகைக்குச் சுட்ட அரிசிமாவுச் செல்ரொட்டி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள்.