மெழுகு விழுந்த கார்டு

குழித்துறைக் கடையில் அன்று முதலில் எனக்கு எரிச்சல் மூட்டியது கம்ப்யூட்டர் இல்லை, நாற்காலி. இருந்தது ஒன்றே ஒன்று. கடைக்காரன் சுதீஷ் அதைத் துடைத்து என் கணவர் ஸ்டெனிக்குப் போட்டான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் நான். கம்ப்யூட்டர் வாங்க வந்தவளும் நான். ஸ்டெனி கடலுக்குப் போகிறவர், வள்ளத்து ஜிபிஎஸ் தவிர வேறு எந்தத் திரையோடும் அவருக்குப் பழக்கமில்லை.

"அண்ணே, என்ன கேம் வெளையாடுவிய?" என்று அவரிடம் கேட்டான் சுதீஷ்.

"நான் எங்க வெளையாட? கரைக்கு வந்தா ஒறங்கத்தான் நேரம். அவகிட்ட கேளு மக்கா."

அவன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மறுபடி ஸ்டெனியிடமே திரும்பினான். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆனால் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் அன்று வியாழக்கிழமை. அஜிஷாவின் கல்யாண வீடியோவை நான் சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் விமானம். தவறினால் எங்கள் கரையில் எனக்கு அடுத்த வேலை வராது. 'பொம்பளைகிட்ட கொடுத்தா இப்பிடித்தான்' என்று ஒரே வரியில் பேசி முடித்துவிடுவார்கள்.

இந்த நிலைக்கு நான் வந்ததற்குக் காரணமும் இதே கடைதான். ஆனால் அன்றைக்கே கையோடு எடுத்துப் போகிற மாதிரி பெட்டி வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் என் கம்ப்யூட்டரில் திரை இருண்டுபோனது. நானே ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். "கடல் காத்துல கார்டுக்க பின்னு உப்புப் பிடிச்சிருக்கும், கழத்தித் தொடச்சுப் பாருங்க" என்று சொன்னேன். "அது டெக்னிக்கல் விசயம் அக்கா, நாங்க பாத்துக்கிடுவோம்" என்றான். ரசீதில் யார் பெயர் என்று கேட்டான். சொன்னேன். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டான். அதையும் சொன்னேன். எழுதியது ஸ்டெனி என்று.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கிராபிக்ஸ் கார்டு கருகிப் போய்விட்டது, பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்க்காரனுக்குத் தூக்கிப் போட்டாயிற்று என்றான். பன்னிரண்டு ஜிபி கார்டு அது. கேம் விளையாடுகிறவனுக்கு வேகம் போதும், ஆனால் நாலு கேமராவில் எடுத்த ஃபோர்கே வீடியோவை ஒன்றாக ஓட்ட கார்டுக்குள் இடம் வேண்டும். அதற்காகவே பார்த்துப் பார்த்துத் தேடி, முப்பது வீட்டு முதல் நற்கருணை விழா வீடியோ செய்து வாங்கியது. செத்த கார்டாக இருந்தாலும் என் கையில் தர வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கார்டில்லாத பெட்டியோடு ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு லேப்டாப்பில்தான் வேலை. திரையில் அஜிஷா பீடத்தை நோக்கி ஓரடி எடுத்து வைப்பதற்குள் நான் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம்.

"அண்ணே, இதப் பாருங்க" என்று சுதீஷ் மேஜை மேல் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினான். கண்ணாடிப் பக்கத்துக்குள் ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது. திரையில் ஒருவன் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தான். "புதுசு. நேத்துதான் அசெம்பிள் பண்ணுனது. எந்த கேமும் வெண்ணெ மாதிரி ஓடும்."

"கார்டுல எத்தன ஜிபி?" என்று நான் கேட்டேன்.

"பன்னெண்டு ஜிபி, அண்ணே" என்று ஸ்டெனியிடம் பதில் சொன்னான்.

கேட்டது நான், பதில் அவருக்கு! இதற்குமேல் அவன் வாயைப் பார்த்துப் பயனில்லை என்று பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பினேன். என் அம்மா இதே குழித்துறைச் சந்தையில் மீன் விற்றவள். செவிளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவளை அவள் மனுஷியாகவே மதிக்க மாட்டாள். வயர் சொருகும் இடத்தில் கார்டின் தகடு வெளியே தெரிந்தது. அதன் ஓரத்தில் மணல் மணலாகத் துரு.

"நேத்து அசெம்பிள் பண்ணுனதுல துரு எப்பிடி வந்து?"

"அது... மழைக்காலம் பாத்தியளா."

"மழைத் துரு செவப்பா படரும். இது வெள்ளை பூத்து, புள்ளி புள்ளியா நிக்கிது. இது உப்பு. குழித்துறையில ஏது கடல்? தொறந்து காட்டுங்க."

"தொறந்தா வாரண்டி போயிரும். அண்ணே, நீங்க கொஞ்சம் சொல்லுங்க அக்காகிட்ட."

ஸ்டெனி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவ தொறக்கச் சொன்னா தொறந்துரு. எனக்க வீட்டுல நான் அப்பிடித்தான் செய்யேன்" என்றார். பழுதுக்கு லேப்டாப் கொண்டுவந்து காத்து நின்ற ஒரு கல்லூரிப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அவன் திறக்கவில்லை. நானே ஸ்விட்சை அணைத்து, மேஜையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிக் கார்டை உருவினேன். விளக்கின் பகட்டு போனதும் அது வெறும் கறுப்புத் தகடு. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். முதுகுத் தகட்டின் நடுவில் ஒரு சிலுவை தெரிந்தது. கோணல் சிலுவை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

அந்தச் சிலுவைக்காக நான் ஸ்டெனியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். எங்கள் ஊரில் புது வள்ளம், புது எஞ்சின், புது வலை எதுவானாலும் சர்ச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் வேலைக்கு இறங்கும். கார்டு வாங்கிய வாரம் ஸ்டெனி அதையும் எஞ்சினோடு சேர்த்துப் பங்குச்சாமியார் முன்னால் வைத்துவிட்டார். தீர்த்தம் பட்டால் கெட்டுவிடும் என்று நான் அலறி பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினேன். சாமியார் போனதும் இவர் உறையை எடுத்துவிட்டு, மந்திரித்த மெழுகுதிரியைச் சாய்த்து, எஞ்சினுக்குப் போடுகிற மாதிரியே கார்டின் முதுகில் ஒரு சிலுவை போட்டார். சூடாகிற சாமானில் மெழுகு ஊற்றுகிற மனிதரை எங்கே போய்ச் சொல்ல! முதல் நாளே மெழுகு உருகி வழிந்தது. சுரண்டி எடுத்தேன். கறை மட்டும் போகவில்லை.

"ஏட்டி, இது நான் போட்டதுல்லா!" என்றார் ஸ்டெனி.

"அது கம்பெனி டிசைன் அண்ணே" என்றான் சுதீஷ்.

கம்பெனிக்காரன் மெழுகில் சிலுவை போட்டு அனுப்புகிறான்! திருடியதைக்கூட விட்டுவிடலாம், என்னை இவ்வளவு முட்டாளாக நினைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனில் கார்டு வாங்கிய பில்லைத் திறந்து, சீரியல் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாக வாசித்தேன். கார்டில் ஒட்டியிருந்த நம்பரைக் கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "சரி" "சரி" என்று தலையாட்டினாள்.

சுதீஷ் ஸ்டெனியின் பக்கமாக நகர்ந்தான். "கடைப் பையன் மாத்தி வச்சிருப்பான். பெட்டியப் பாதி வெலைக்குத் தாரேன் அண்ணே, இதப் பெருசாக்காண்டாம். வேலைக்குத் தந்த ரசீதும் உங்க பேர்லதான இருக்கு, நாம பேசித் தீப்போம்."

"அவருகிட்ட என்ன பேச்சு? கார்டு எனக்க கார்டு. எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு."

அவன் மேஜையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், ஸ்டெனியைப் பார்த்தான். ஸ்டெனி தலையைத் திருப்பி ஆற்றுப் பாலத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் கடைசியில் என்னைப் பார்த்தான்.

"தப்புதான் அக்கா. துப்புரவாக்குனதும் கார்டு ஓடிச்சு. நீங்க சொன்ன மாதிரி உப்புதான்."

அதாவது முதல் நாளே நான் சொன்னது சரி. அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஆறு வாரமாக நான் அழுதது இதற்காகவா! கார்டை ஸ்டெனியின் தோள் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். நாங்கள் படி இறங்கும்போது கல்லூரிப் பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணா, எனக்க லேப்டாப்பத் தாங்க. பழுது பாக்காண்டாம்."

வீட்டில் என் பழைய கம்ப்யூட்டரில் கார்டைச் சொருகினேன். திரை வந்தது. அஜிஷா ஒரு விக்கலும் இல்லாமல் பீடம் வரை நடந்து போனாள். சனிக்கிழமை மத்தியானம் வீடியோவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் ஸ்டெனி மெழுகுதிரியோடு கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கிறார். மறுபடியும் ஒரு சிலுவை போட்டால் நல்லதாம்.

"மெழுகு வேண்டாம். வள்ளத்துக்குப் பேரெழுதுற வெள்ளை பெயிண்ட எடுங்க" என்றேன்.

கார்டைக் கழற்றி மடியில் வைத்தேன். அவர் டப்பாவைத் திறந்து பிரஷைத் தோய்த்தார்.

"என்ன எழுதணும்? வீட்டுப் பேரா?"

பிரஷை அவர் கையிலிருந்து வாங்கி, சிலுவைக்கு மேலே கொட்டை எழுத்தில் நானே எழுதினேன்: ரெஜிலா.